சிறுவர் நாவலை மேடை நாடகமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதன்முறையாக ஒரு நாவலை நாடகமாக்க முற்படுபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதையெல்லாம் உரையாடலாக எழுதுகிறார்கள். எஞ்சியதைக் கதைசொல்லியின் வாயில் போடுகிறார்கள். மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் நாற்பது பக்கம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு எதை வெட்டுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள், ஏனென்றால் எழுதிய ஒவ்வொரு வரியும் நாவலில் இருக்கிற வரி, எல்லாமே தேவையானதாகத்தான் தோன்றும்.

இந்த வழிகாட்டியில் உரையாடல் எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஏழு படிகளில் ஒரு வரி வசனம்கூட எழுத வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். இந்த வரிசையைக் கடைப்பிடித்தவர்கள் இரண்டாம் வரைவில் நாடகத்தை முடித்ததையும், கடைப்பிடிக்காதவர்கள் ஏழாம் வரைவிலும் முதல் காட்சியையே திருத்திக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலை வழிநெடுகப் பயன்படுத்துகிறேன். 1883இல் நூலாக வெளிவந்த அந்தக் கதையில், ‘நான்’ என்று தன்மையில் கதை சொல்லும் ஜிம் என்ற சிறுவன், கடற்பயணம், ஏராளமான பாத்திரங்கள், கொலை, இடையில் மாறும் கதைசொல்லி என்று நாடகமாக்குபவரைத் தடுமாற வைக்கும் அத்தனையும் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாவலின் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று கோடு போடவும் ஓரத்தில் எழுதவும். மற்றொன்று எந்தக் குறியும் இல்லாமல் மீண்டும் படித்துப் பார்க்க. குறியிட்ட பிரதியை மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் பழைய முடிவுகளையே திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

நூறு வெற்று அட்டைகள், ஒரு கடிகாரம், மேடையின் அளவு குறித்த காகிதம் ஆகியவையும் தேவை. நாடகம் எந்த வயதுக் குழந்தைகளுக்கானது, எத்தனை நிமிடம் ஓடலாம், நடிப்பவர்கள் பெரியவர்களா குழந்தைகளா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இடைவேளை இல்லாமல் ஐம்பது நிமிடமே நீளம்; பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இடைவேளையுடன் இரண்டு மணி நேரம் வரை தாங்குவார்கள்.

1. உரிமையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

இது முதல் படியாக இருப்பதற்குக் காரணம் எளியது: அனுமதி கிடைக்காவிட்டால் மற்றப் படிகள் அனைத்தும் வீண். நாவலை நாடகமாக்குவது தழுவல். நூலைக் காசு கொடுத்து வாங்கியதால் தழுவும் உரிமை வந்துவிடாது.

பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி குறைந்த அளவு, ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டுகள். இந்தியாவில் 60 ஆண்டுகள், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 70 ஆண்டுகள். அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான பல நூல்களுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. நாடகம் எந்த நாட்டில் நடக்கப் போகிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. ஜே. எம். பேரி 1937இல் இறந்தார். ஆயினும் ‘பீட்டர் பான்’ கதையைப் பிரிட்டனில் மேடையேற்றினால் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்று அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் காலவரம்பின்றி வைத்திருக்கிறது.

புதியவர்கள் அதிகம் இடறி விழுவது மூலநூலில் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றில்தான். மூலநூலின் உரிமைக் காலம் முடிந்து அது பொதுவுடைமை ஆகியிருந்தாலும் நீங்கள் படிக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு; அதிலிருந்து வரிகளை எடுத்தால் மொழிபெயர்ப்பாளரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ கேட்க வேண்டும். ஓவியங்களுக்கும் அப்படியே. திரைப்படங்களில் புகுந்தவையும் அப்படியே: 1900இல் வெளிவந்த ‘ஓஸ் மந்திரவாதி’ நாவலில் கதைநாயகியான சிறுமி டோரதி அணிவது வெள்ளிக் காலணி, சிவப்புக் காலணி 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வந்தது. சிறுவயதில் பார்த்த படமும் படித்த நூலும் நினைவில் கலந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு விவரத்தையும் நூலில் தேடி உறுதி செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

2. மூன்று முறை வாசியுங்கள், மூன்று விதமாக

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். முடித்து ஒரு நாள் விட்டு, புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் நிற்கும் காட்சிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். நாடகத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும், ஏனென்றால் பார்வையாளருக்கும் அதே காட்சிகள்தான் நினைவில் நிற்கின்றன. அவற்றை எதிர்பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள்.

இரண்டாவது வாசிப்பில் பென்சிலோடு உட்காருங்கள். கண்ணால் காணக்கூடியவற்றுக்கு ஒரு குறி, காதால் கேட்கக்கூடியவற்றுக்கு ஒரு குறி, மனதுக்குள் மட்டும் நடப்பவற்றுக்கு ஒரு குறி. மூன்றாவது வகைக் குறி பக்கம் பக்கமாக விழுகிற அத்தியாயம் எது என்று பாருங்கள். அதிக வேலை வாங்கப் போவது அதுதான்.

மூன்றாவது வாசிப்பு வாய்விட்டு. முடிந்தால் ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் குழந்தை உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறது, எந்த இடத்தில் எழுந்து போய்விடுகிறது என்பதை ஓரத்தில் குறியுங்கள்.

3. நாடகம் யாருடையது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாவல் பல திசைகளில் அலையலாம். வாசகர் மூடி வைத்துவிட்டு மறுநாள் திரும்ப வருவார். மேடையின் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. யாரைப் பின்தொடர வேண்டும், அவர் எதை வேண்டி நிற்கிறார் என்பது முதல் பத்து நிமிடத்துக்குள் தெரியாவிட்டால் அது நாற்காலியில் நெளியத் தொடங்கும்.

‘புதையல் தீவு’ பற்றி எழுதச் சொன்னால், “ஒரு சிறுவன் புதையலைத் தேடிப் போகிறான்” என்றுதான் பெரும்பாலும் எழுதி வருகிறார்கள். அது பயணத்தைச் சொல்கிறது, ஏக்கத்தைச் சொல்லவில்லை. நாவலில் ஜிம்மின் தந்தை தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். பிறகு அவனை ஒரு பெரிய மனிதனாக மதித்துப் பேசும் லாங் ஜான் சில்வர் வருகிறான்; கப்பலில் சமையல்காரன், உண்மையில் கொள்ளையர் தலைவன். ஆகவே என் வாக்கியம் இப்படி இருக்கும்: தந்தையை இழந்த ஒரு சிறுவன், தான் நேசிக்கத் தொடங்கிய மனிதன் கொலைகாரன் என்று அறிந்த பிறகும் அவனை முழுவதுமாக வெறுக்க முடியாமல் தவிக்கிறான்.

இந்த வாக்கியம் கிடைத்தவுடன் வெட்டும் வேலை பாதி முடிந்துவிடுகிறது. ஜிம்முக்கும் சில்வருக்கும் இடையே உள்ள இழையைத் தொடாத எந்த நிகழ்ச்சியும், எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், விடப்படக்கூடியது. வேறொருவர் வேறொரு வாக்கியம் எழுதலாம். அவருடைய நாடகம் வேறாக இருக்கும். வாக்கியமே இல்லாமல் தொடங்குவதுதான் தவறு.

4. ஆட்களையும் மேடையையும் எண்ணுங்கள்

காட்சிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இருபத்தைந்து பாத்திரங்களுக்கு எழுதிவிட்டுப் பிறகு தவிப்பதைவிட, எட்டுப் பேருக்கென்றே எழுதுவது மேல்.

ஒரு பெரிய தாளில் மேலே அத்தியாய எண்களும் இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்களும் எழுதிக் கட்டம் போடுங்கள். யார் எந்த அத்தியாயத்தில் வருகிறார்களோ அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். ஒருவர் மறைந்த பிறகே மற்றொருவர் தோன்றுகிறார் என்றால் இருவரையும் ஒரே நடிகர் ஏற்கலாம். விடுதியில் வரும் பில்லி போன்ஸ் மூன்றாம் அத்தியாயத்திலும் பார்வையற்ற பியூ ஐந்தாம் அத்தியாயத்திலும் இறந்துவிடுகிறார்கள். அந்த நடிகர்கள் பின்னால் சில்வரின் கூட்டாளி இஸ்ரேல் ஹேண்ட்ஸாகவும், தீவில் தனியே விடப்பட்ட பென் கன்னாகவும் வரலாம். விடுதிக்கு பில்லி போன்ஸைத் தேடி வரும் பிளாக் டாக் அப்படியல்ல: அவன் எட்டாம் அத்தியாயத்தில் சில்வரின் மதுக்கடையில் மீண்டும் தலைகாட்டுகிறான். கட்டம் போடாமல் வேடங்களைப் பங்கிட்ட ஒரு குழு இதை ஒத்திகையின் மூன்றாவது வாரத்தில்தான் கண்டுபிடித்தது.

உடை மாற்ற எத்தனை விநாடி கிடைக்கும் என்பதையும் கட்டத்தில் எழுதுங்கள். ஒரு தொப்பியும் மேலங்கியும் மாற்ற முப்பது விநாடி போதும். முழு உடையும் ஒப்பனையும் மாற்றக் குறைந்தது இரண்டு, மூன்று நிமிடம் வேண்டும். அந்த நேரத்தைத் தரும் காட்சியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

5. நிகழ்வுகளை அட்டையில் எழுதிப் பிரியுங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அட்டை. அதில் இரண்டு வரி மட்டும்: யார் என்ன செய்கிறார், அதனால் என்ன மாறுகிறது. இரண்டாவது வரியை எழுத முடியாத அட்டையைத் தனியே வையுங்கள். எதுவும் மாறாத நிகழ்வு, பக்கத்தில் அழகான வருணனையாக இருந்திருக்கும். மேடையில் அது நின்றுபோன நேரம்.

எஞ்சிய அட்டைகளை மூன்று கட்டுகளாகப் பிரியுங்கள். இது இல்லாமல் கதை நிற்காது என்பவை ஒன்று, மற்றொன்றோடு சேர்க்கக்கூடியவை ஒன்று, விடக்கூடியவை ஒன்று. முதல் கட்டில் பதினைந்துக்கு மேல் அட்டை இருந்தால் நீங்கள் இன்னும் நாவலுக்கு அஞ்சுகிறீர்கள் என்று பொருள். மூன்றாம் படியில் எழுதிய வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பிரியுங்கள்.

பாத்திரங்களை ஒன்றாக்குவதில் கவனம் வேண்டும். நிலக்கிழார் ட்ரெலானி, மருத்துவர் லிவ்சி இருவரையும் ஒருவராக்கிவிடலாம் என்று பலருக்குத் தோன்றுகிறது, இருவரும் ஜிம்முக்குத் துணை நிற்கும் பெரியவர்கள்தானே என்று. ஆனால் ட்ரெலானி வாயைக் கட்டத் தெரியாதவர். புதையல் பற்றி அவர் ஊரெல்லாம் பேசியதால்தான் கொள்ளையர்கள் கப்பலில் மாலுமிகளாக ஏறுகிறார்கள். லிவ்சி நிதானமானவர்; அவரை நம்பித்தான் ஜிம் இரகசியத்தைச் சொல்கிறான். இருவரையும் ஒன்றாக்கினால், ஆபத்தைக் கொண்டுவந்தவரும் அதிலிருந்து காப்பவரும் ஒரே ஆளாகிக் கதையின் காரணகாரியம் அறுந்துவிடும். ஒரே வேலையைச் செய்யும் இருவரைச் சேருங்கள். ஒரே பக்கத்தில் நிற்கும் இருவரைச் சேர்க்காதீர்கள்.

வெட்டியதற்காக வருந்த வேண்டாம். நாவலாசிரியர்களே மாதக்கணக்கான கடற்பயணத்தை ஓர் அத்தியாயத்தில் கடந்துவிடுகிறார்கள். விட்ட அட்டைகளை மட்டும் தூக்கியெறியாதீர்கள். அவற்றிலுள்ள ஒரு சொல்லோ ஒரு பொருளோ பின்னால் வேறு காட்சியில் உதவும்.

6. கதைசொல்லியை என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்

சிறுவர் நாவல்களில் கதை சொல்லும் குரலுக்குத்தான் பாதி வசீகரம். அதனால் அதை விட மனம் வராது. வழிகள் மூன்று. குரலை முற்றிலும் நீக்கி எல்லாவற்றையும் செயலாக்குவது முதல் வழி. முதன்மைப் பாத்திரமே பார்வையாளரிடம் திரும்பிப் பேசுவது இரண்டாவது. குழுவினர் அனைவரும் முறைவைத்துக் கதை சொல்வதும் நடிப்பதுமாக இருப்பது மூன்றாவது. சின்னக் குழுவுக்கு மூன்றாவது வழி பெரிதும் கைகொடுக்கும், ஏனென்றால் மேடையில் நிற்கும் எவரும் அலையாகவோ மரமாகவோ கதவாகவோ மாறிவிட முடியும்.

எந்த வழியானாலும் ஒரே விதி. கண்ணுக்குத் தெரிவதைக் கதைசொல்லி சொல்லக் கூடாது. ஜிம் கதவைத் திறக்கும்போது, “ஜிம் கதவைத் திறந்தான்” என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். காலத்தைத் தாண்டவும், இடத்தை மாற்றவும், கண்ணில் படுவதற்கு மாறாக மனதுக்குள் நடப்பதைச் சொல்லவும் மட்டும் அந்தக் குரலைப் பயன்படுத்துங்கள். “அன்று அவனுக்குக் கை நடுங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்” என்று குரல் சொல்லும்போது, சட்டைப் பைக்குள் கையை மறைக்கும் சிறுவனைப் பார்வையாளர் பார்த்தால், அங்கே குரலுக்கும் செயலுக்கும் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

‘புதையல் தீவு’ நாவலில் 16 முதல் 18 வரையுள்ள அத்தியாயங்களை மருத்துவர் லிவ்சி சொல்கிறார், ஏனென்றால் அப்போது ஜிம் அங்கே இல்லை. ஜிம்மைக் கதைசொல்லியாக வைத்தால் இந்த மூன்று அத்தியாயங்களில் முட்டிக்கொள்வீர்கள். ஜிம்மின் நாடகம் என்று நீங்கள் தீர்மானித்திருந்தால், அவன் இல்லாதபோது நடந்ததை அவன் எப்படி அறிகிறானோ அப்படியே பார்வையாளரும் அறியட்டும்: நண்பர்கள் தங்கியிருக்கும் தீவின் மரக்கோட்டைக்குள் நுழையும்போது யார் காயப்பட்டுக் கிடக்கிறார்கள், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைக் கொண்டு.

7. காட்சித் திட்டம் வரையுங்கள்

தேர்ந்த அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இடம், நேரம், யார் எதற்காக உள்ளே வருகிறார், காட்சி முடியும்போது எந்தக் கேள்வி தொங்கி நிற்கிறது என்று நான்கு குறிப்புகள் போதும்.

இடமாற்றத்தை எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்துப் பொருள்களை நகர்த்தினால், பன்னிரண்டு மாற்றங்களில் குழந்தைகள் எட்டு நிமிடத்துக்குமேல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இருட்டில் அவர்கள் பேசத் தொடங்குவார்கள், மீண்டும் அமைதிப்படுத்துவது நடிகர்களின் வேலையாகிவிடும். ஒரு மேசை விடுதியாகவும், கவிழ்த்தால் படகாகவும், நிமிர்த்தினால் கோட்டைச் சுவராகவும் ஆகட்டும். குழந்தைகள் இத்தகைய மாற்றத்தைப் பெரியவர்களைவிட விரைவாக ஏற்றுக்கொள்வார்கள்.

இடைவேளையைக் கேள்வியில் நிறுத்துங்கள், விடையில் நிறுத்தாதீர்கள். சில்வரின் கூட்டத்தார் கப்பலைக் கைப்பற்றப் போடும் சதியை ஜிம் ஒளிந்திருந்து கேட்டு முடித்த அதே நொடியில், நாவலில், கரை தெரிகிறது என்று மேலிருந்து குரல் வருகிறது. இதைவிடப் பொருத்தமான இடத்தை நாம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

8. இப்போது உரையாடலை எழுதுங்கள்

முதலில் மொழியைத் தீர்மானியுங்கள். அச்சுத் தமிழை வாயில் வைத்தால் நடிகர்கள் ஒப்பிப்பார்கள், பேசமாட்டார்கள். எந்தப் பகுதிக்கும் உரியதாக ஒலிக்காத பொதுவான பேச்சுத்தமிழே மொழிபெயர்ப்புக் கதைகளுக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பட்டியல் போடுங்கள். தமிழில் நீ, நீங்கள் என்ற வேறுபாடே ஓர் உறவைச் சொல்லிவிடும். ஒருவன் எப்போது ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு வருகிறான் என்பதே ஒரு திருப்பமாகலாம்.

ஆப்பிள் பீப்பாய்க் காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். நாவலில் ஜிம் ஓர் ஆப்பிளுக்காக, அநேகமாகக் காலியாகிவிட்ட பீப்பாய்க்குள் இறங்குகிறான். கப்பலின் ஆட்டத்தில் கண் சொக்குகிறது. யாரோ பாரமாக வந்து பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறார்கள். பேசுவது சில்வர். தன்னிடம் பேசிய அதே புகழ்ச்சொற்களை அவன் டிக் என்ற வேறொரு இளம் மாலுமியிடம் சொல்வதை ஜிம் கேட்கிறான்.

இந்தக் காட்சியை எழுதச் சொன்னால் வரும் முதல் வரைவு ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். ஜிம் பார்வையாளரிடம் திரும்பி, “ஐயோ, இவங்கல்லாம் கடல் கொள்ளக்காரங்க! நான் இங்க இருக்கிறது தெரிஞ்சா கொன்னுடுவாங்களே! இப்ப என்ன செய்வேன்?” என்கிறான். மூன்று வாக்கியமும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்தவை. அதோடு, சில்வரின் துரோகம் ஜிம்முக்கு ஏற்படுத்தும் வலி இதில் எங்குமே இல்லை.

மாற்றி எழுதியது இது. பொருள் நாவலுடையது, சொற்களும் சில செயல்களும் மேடைக்காகச் சேர்த்தவை.

(பீப்பாயின் திறந்த பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்கிறது. உள்ளே ஜிம், ஆப்பிளைக் கடித்தபடி கண் சொக்குகிறான். சில்வர் வந்து பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறான். ஜிம் விழிக்கிறான். குரலைக் கேட்டு முகம் மலர்ந்து எழப் போகிறான்.)

சில்வர்: வயசுதான் சின்னது தம்பி. புத்தி பெரிய மனுஷன் புத்தி. உன்னப் பாத்த அன்னைக்கே நெனச்சேன்.

(ஜிம் பாதி எழுந்த நிலையில் நிற்கிறான்.)

டிக்: என்னையா சொல்றீங்க, அண்ணே?

சில்வர்: உன்னத்தான். இந்தக் கப்பல்ல வேற யார்கிட்டயும் நான் இப்படிப் பேசுனதில்ல.

(ஜிம் மெதுவாக உட்காருகிறான். வாயிலிருக்கும் துண்டை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.)

டிக்: அப்ப நானும் உங்க பக்கம்.

சில்வர்: தொண்ட காயுது. எந்திரிச்சு ஒரு ஆப்பிள் எடுத்துக் குடு, தம்பி.

(டிக்கின் கை பீப்பாய்க்குள் இறங்குகிறது. ஜிம்மின் தலைக்கு மேல் துழாவுகிறது.)

ஹேண்ட்ஸ்: ஆப்பிள் யாருக்கு வேணும்? ரம் கொண்டாரச் சொல்லு.

(கை வெளியே போகிறது.)

ஜிம்முக்கு ஒரு வசனமும் இல்லை. காட்சி முழுவதும் அவனுடையது. நாவலில் டிக் எழத் தொடங்கும்போதே ஹேண்ட்ஸ் தடுத்துவிடுகிறான். ஜிம்மின் அச்சத்தை எழுத்து சொல்லிவிடுவதால் அங்கே அது போதும். மேடையில் அச்சத்துக்கு உருவம் வேண்டும், அதனால் கை உள்ளே வருகிறது. (நடிக்கும் குழந்தை உண்மையான துண்டை வாயில் வைத்திருக்க வேண்டாம், கன்னத்தை உப்பிக் காட்டினால் போதும், புரை ஏறும் ஆபத்து இல்லை.)

இந்தக் காட்சி வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்னால் இரண்டு விதைகளை ஊன்றியிருக்க வேண்டும். “புத்தி பெரிய மனுஷன் புத்தி” என்ற வரியை, ஓர் எழுத்தும் மாறாமல், சில்வர் ஏற்கெனவே ஜிம்மிடம் சொல்லியிருக்க வேண்டும். பீப்பாயும் முன்பே மேடைக்கு வந்திருக்க வேண்டும்; நாவலில் கப்பல் தலைவர், மாலுமிகளுக்கு இப்படித் தாராளமாக ஆப்பிள் வைப்பது அவர்களைக் கெடுக்கும் என்று குறை சொல்கிறார், அந்தச் சிறு பேச்சு போதும். முன்பின்னாகக் காட்சிகளை எழுதலாம் என்பது இங்கே உதவுகிறது: முதலில் முக்கியமான காட்சியை எழுதுங்கள், பிறகு அதற்குத் தேவையானதைத் தேடிப் பின்னோக்கிப் போய் விதையுங்கள்.

9. அச்சத்தையும் பழைய பார்வைகளையும் கையாளுங்கள்

பழைய சிறுவர் நாவல்களில் கொலையும் மரணமும் உண்டு. அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டால் கதைக்கு எடை இராது. அச்சம் இருக்கட்டும், திடுக்கிடல் வேண்டாம். எதிர்பாராத வெடிச்சத்தமும் முழு இருட்டும் சிறு குழந்தைகளைக் கதையிலிருந்தே வெளியே தள்ளிவிடும். நெருங்கி வருவது தெரிந்து அஞ்சும்போது அவர்கள் கதைக்குள்ளேயே இருப்பார்கள்.

உடற்குறையை அச்சத்தின் அடையாளமாக்குவது, ஓர் இனத்தாரை இழிவாகக் காட்டுவது போன்றவை அந்தக் காலத்து எழுத்தில் வரும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு மேடையேற்றக் கூடாது, ஏனென்றால் பார்வையாளர் வரிசையில் அந்தக் குறையுள்ள குழந்தையே உட்கார்ந்திருக்கலாம். பியூ வரும் காட்சியைக் கூர்ந்து படித்தால், அவன் அச்சுறுத்துவது பார்வையின்மையால் அல்ல என்பது தெரியும். உறைந்த சாலையில் தட்டிக்கொண்டே வரும் கோலின் ஓசையும் சிறுவனின் கையை இடுக்கிபோல் பற்றும் பிடியும்தான் அச்சம் தருகின்றன. ஓசையையும் பிடியையும் வைத்துக்கொள்ளுங்கள். கண்களைக் கோரமாக்கும் ஒப்பனையை விட்டுவிடுங்கள்.

10. வாய்விட்டு வாசித்துச் சோதியுங்கள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு பரவலாக வழங்குகிறது. உரையாடல் நிறைந்த பக்கத்துக்கு அது ஏறக்குறையச் சரி. செயல் நிறைந்த பக்கத்துக்குப் பொருந்தாது. மேலே உள்ள பீப்பாய்க் காட்சி பாதிப் பக்கம்தான், மேடையில் இரண்டு நிமிடம் பிடிக்கும். எனவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, செயல்களையும் நடந்து பார்த்து, முழுவதையும் படியுங்கள். நீங்களே எல்லாப் பாத்திரங்களையும் படிக்காதீர்கள். வேறொருவர் வாயில் சிக்கும் வரியை உங்கள் வாய் சமாளித்துவிடும்.

பிறகு பத்துக் குழந்தைகளின் முன் வாசிப்பு. நீங்கள் வாசிக்க வேண்டாம். பிரதியோடு ஓரமாக உட்கார்ந்து, குழந்தைகள் நெளியும் இடங்களில் கோடு இழுங்கள். முடிந்ததும், பிடித்திருந்ததா என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தாண்டிப் போகும் காட்சி தேவையற்றது. தப்பாகச் சொல்லும் காட்சி தெளிவற்றது. குழந்தை நெளிந்த இடத்தில் பிழையைத் தேடாதீர்கள், அதற்கு இரண்டு பக்கம் முன்னால் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஆர்வம் அறுந்திருக்கும்.

11. ஒத்திகைப் பிரதியைத் தயாரியுங்கள்

பக்க எண், வரைவு எண், தேதி மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் நடிகர்கள் இரண்டு வெவ்வேறு வரைவுகளை மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். மேடைக்குறிப்புகளில் நிகழ்வதை எழுதுங்கள், உணர்ச்சியை எழுதாதீர்கள்: “துயரத்துடன்” என்பதை நடிகர் தேடிக்கொள்வார், “ஆப்பிளைக் கீழே வைக்கிறான்” என்பதை நீங்கள் தர வேண்டும்.

முதல் வார ஒத்திகைகளில் கூட இருங்கள். மூன்று முறை முயன்றும் ஒரு நடிகரின் வாயில் உட்காராத வரி, நடிகரின் குறை அல்ல, வரியின் குறை; அங்கேயே மாற்றுங்கள். குழந்தைகள் நடிக்கிறார்கள் என்றால், அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் முன்பே பிரதியைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வரி தோன்றினாலும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஒத்திகைக்குள் கொண்டு போகாதீர்கள். ஒரு குழந்தை பழைய வரியை எதிர்பார்த்துக் காத்து நிற்கும், மற்றொன்று புதிய வரியைச் சொல்லியிருக்கும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நடு மேடையில் நின்றுவிடுவார்கள்.